வெள்ளிக்கிழமைகள் சிவப்பாக இருந்த காலண்டர்

1

மெல்பர்னில் கணினி வேலை பார்க்கிறவர்களுக்கு ஈஸ்டர் என்பது நான்கு நாள் விடுமுறை. வியாழன் மாலை காலியாகும் அலுவலகங்கள் செவ்வாய்க்கிழமைதான் மறுபடி நிரம்பும். பழைய தரவுத்தளத்தை நிறுத்தி, அதில் இருக்கும் தகவல்களைப் புதியதற்குக் கொண்டுபோக இதைவிடத் தோதான நாட்கள் வருடத்தில் கிடையாது. அதனால் கிரெய்க் பிப்ரவரியிலேயே என்னிடம் கேட்டுவிட்டார். நான் இப்போது ஒப்பந்தத்தில் வேலை செய்யும் காப்பீட்டு நிறுவனத்தில் அவர் மேலாளர். நல்ல மனிதர். சங்கடமான கேள்வி கேட்கும்போது மட்டும் கழுத்தைச் சொறிந்துகொள்வார்.

“ஈஸ்டர் வெள்ளிக்கிழமை உனக்கு வேறு ஏதும் இல்லையே?”

“இல்லை” என்றேன்.

ரயிலில் வீடு திரும்பும்போது அந்தப் பதில் கொஞ்சம் உறுத்தியது. எங்கள் தமிழ்ச் சபையில் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை உண்டு. மண்டபத்தை வாடகைக்கு எடுப்பதால் ஊரில் போல மூன்று மணி நேரம் கிடையாது, ஒரு மணி நேரத்தில் முடித்துச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். என் மனைவி எஸ்தர் போவாள். அவள் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மகள் நிவி வரமாட்டாள். பதினைந்து வயதாகும் அவள் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மீன் வறுவல் கடையில் பள்ளி நேரம் போகப் பகுதிநேரமாக நிற்கிறாள். கோயில் வாசலை மிதிக்காத ஆஸ்திரேலியர்கள்கூடப் பெரிய வெள்ளியன்று கறியைத் தொடாமல் மீன் வாங்க வருவதால், வருடத்திலேயே அந்தக் கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும் நாள் அதுதான்.

“அப்பா, அன்னிக்குப் போய் சர்ச்சுக்கு லீவ் கேட்டா மேனேஜர் ஜோக்குன்னு நினைப்பார்” என்றாள்.

ஆக, 2008 மார்ச் 21ஆம் தேதி எங்கள் குடும்பம் மூன்று இடங்களில் இருந்தது. நான் பதினான்காம் மாடியில் தனியாக உட்கார்ந்து, திரையில் ஒரு பச்சைக் கோடு வலப்பக்கம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே வேலையை, இதே பெரிய வெள்ளியில், நான் முன்பு ஒருமுறையும் செய்திருக்கிறேன். அது 1997 மார்ச் 28. இடம் மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலை.

2

நான் யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு இல்லாத தரவுத்தள ஆலோசகன். வாரத்தில் இரண்டு மாலைகள் ஒரு தொழிற்கல்லூரியில் அதையே பாடமாகவும் நடத்துகிறேன். ஒரு நிறுவனத்தின் தகவல்களை ஒழுங்காக அடுக்கி வைத்து, கேட்கும்போது சரியாக எடுத்துக் கொடுக்கும்படி செய்வதுதான் என் தொழில். இதை இன்று இரண்டு வரியில் சொல்லிவிட முடிகிறது. 1995இல் ராணிப்பேட்டையில் பார்த்துக்கொண்டிருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு வேலூர் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்தபோது, இருபது வரியிலும் சொல்ல முடியவில்லை.

அந்த மாடியில் இரண்டு கணினிகள் இருந்தன. காலையில் வகுப்பு. ஆஸ்பத்திரி நர்சுகள், அலுவலக எழுத்தர்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாம் வருவார்கள். மதியத்துக்கு மேல் பஸ் ஏறி, தோல் பதனிடும் டேனரி டேனரியாகப் போவேன். “உங்கள் சரக்குக் கணக்கை நான் கணினியில் ஏற்றித் தருகிறேன்” என்று சொல்வேன். பெரும்பாலானவர்கள் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மாமனார் செல்லதுரை ஒரு நாள் மாடிக்கு ஏறி வந்தார். ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் தொங்கிய பலகையைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

“பேருக்குக் கீழ இன்னா மாப்ளே எழுதியிருக்கே?”

“டேட்டாபேஸ் கன்சல்டன்ட், மாமா.”

“அது வேலையா, வியாதியா?”

வகுப்பில் இருந்த நர்சுகள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. மகளை ராணிப்பேட்டை நிரந்தர வேலைக்குத்தான் கட்டிக் கொடுத்தார், மாடி அறைக்கு அல்ல. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. அப்போது நிவிக்கு மூன்று வயது. வீடு பெரும்பாலும் எஸ்தரின் நர்ஸ் சம்பளத்தில்தான் நடந்தது.

1997 ஜனவரியில் மாமா ஒரு செய்தியோடு வந்தார். அவருடைய கல்லூரியில் ஜூன் மாதம் கணினிப் பிரிவு தொடங்கப் போகிறார்களாம். நிரந்தரப் பதவி, பென்ஷன் உண்டு. அவர் ஏற்கெனவே என் பெயரைச் சொல்லி வைத்துவிட்டார்.

“ஏப்ரல்ல கூப்பிடுவாங்க. ஒழுங்கா போயிடு.”

அன்று நான் எஸ்தரிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். மேல்விஷாரத்தில் முதல்முறையாக ஒரு பெரிய டேனரி எனக்கு வேலை கொடுத்திருந்தது. அது மார்ச் முடிவதற்குள் சரியாக நடந்தால் என் வழியில் தொடர்வேன். நடக்காவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு, கல்லூரி கூப்பிட்டதும் போய்விடுவேன்.

3

ஓடிக்கொண்டிருக்கும் டேனரியில் சரக்கை எண்ண முடியாது. காலையில் சுண்ணாம்புத் தொட்டியில் இருந்த தோல் சாயங்காலம் பதனிடும் டிரம்முக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். நேற்றுப் பதனிட்டு ஈரமாக நீல நிறத்தில் இருந்தது இன்று காய்ந்து கட்டாகியிருக்கும். எல்லாம் நின்றிருக்கும் ஒரு நாளில்தான் ஒவ்வொரு கட்டாக எண்ணி, கணினியில் ஏற்றி, பழைய கணக்கோடு ஒப்பிட முடியும். நிதியாண்டு முடிவதற்கு முன்னால் டிரம்கள் நிற்கும் கடைசி நாளைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள் என்பதால் எங்கள் பக்கத்துத் தோல் ஊர்களில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சைரன் ஊதும், வெள்ளியன்று ஊர் அமைதியாக இருக்கும். டேனரி மேனேஜர் கௌஸ் பாயும் நானும் உட்கார்ந்து மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். முதலாளியும் சம்மதித்தார். என் மாடி அறையில், தோலுக்கு ரசாயனம் விற்கும் கடைக்காரர் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் 28ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம். எந்த வருடம் எந்த நாளில் பாலாற்றில் தண்ணீர் வந்தது என்றுகூட டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் இரண்டு மாதம் அந்த வட்டத்தைத் தினமும் பார்த்தும் ஒன்றைக் கவனிக்கவில்லை.

மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, இட்லி வைத்துக்கொண்டே எஸ்தர் சொன்னாள்:

“அப்பா உங்களுக்கு அஞ்சாவது வார்த்தை வாங்கிட்டார். போதகரைப் பாக்க ரெண்டு தடவ போனார், தெரியுமா.”

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவார்கள். சபையில் பெரியவர்களுக்குத்தான் அந்த இடம் கிடைக்கும். ஐந்தாவது வார்த்தை தாகத்தைப் பற்றியது. வேலையை விட்டவன் என்று ஊரே பேசும் மருமகனை நான்கு பேர் முன்னால் நிமிர்த்தி நிறுத்துவதற்கு மாமா கண்டுபிடித்த வழி அது.

“ரொம்ப சந்தோஷம். என்னிக்கு வருது பெரிய வெள்ளி?”

“இருபத்தெட்டு.”

நான் கையைக் கழுவிக்கொண்டு மாடி அறைக்கு ஓடினேன். ரசாயனக் கடைக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகள் கறுப்பில் இருந்தன. வெள்ளிக்கிழமைகள் எல்லாம் சிவப்பில். மற்ற காலண்டர்களில் அரசு விடுமுறையான பெரிய வெள்ளி கறுப்பு எண்களுக்கு நடுவே தனியாகச் சிவந்து நிற்கும். இதில் நான்கு சிவப்பில் அதுவும் ஒரு சிவப்பாக அடங்கிக் கிடந்தது. கீழே எறும்பு எழுத்தில் பெயர் போட்டிருந்தார்கள். அதன் மேலேயே நான் வட்டம் போட்டிருந்தேன்.

4

இந்த இடத்தில் இங்குள்ள அலுவலகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியாகத் தொழில் செய்கிறவன் என்பதை எந்த நாட்டு அலுவலகத்துக்கும் எளிதில் புரியவைக்க முடியாது.

2000இல் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தபோது தகுதியை மதிப்பிடும் அலுவலகம், என் மேலதிகாரி கையெழுத்திட்ட சான்று கேட்டது. எனக்கு மேலதிகாரி கிடையாது. கௌஸ் பாய் டேனரித் தாளில் ஆங்கிலத்தில் ஒரு சான்று அடித்துக் கொடுத்தார். நான் அவர்களுடைய ஊழியன் இல்லை என்றும், ஆனால் என்னைக் கேட்காமல் அவர்கள் எதுவும் செய்வதில்லை என்றும் அதில் இருந்தது. ‘அப்படியானால் இவர் யாருக்குக் கீழ் வேலை செய்தார் என்பதைத் தெளிவுபடுத்தவும்’ என்று பதில் வந்தது. மூன்று டேனரிகளும் ஒரு ஷூ கம்பெனியும் எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

இங்கே வந்த பிறகும் அதே கதைதான். வீட்டுக் கடனுக்கு எழுதும்போது, முதலாளியின் பெயர் என்ற இடத்தில் என் பெயரையும் என் கைபேசி எண்ணையும் போட்டேன். வங்கியிலிருந்து ஒரு பெண் சரிபார்க்க அழைத்தாள்.

“ஜேக்கப் உங்களிடம் வேலை செய்கிறாரா?”

“செய்கிறார்.”

“நிரந்தரமாகவா?”

“இதுவரைக்கும்.”

“நான் யாரிடம் பேசுகிறேன்?”

“ஜேக்கப்.”

கடன் கிடைத்துவிட்டது, ஆனால் இன்னும் நான்கு தாள்களில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

மொழியும் இப்படித்தான் காலை வாரும். தொழிற்கல்லூரியில் முதல் வகுப்பின் முடிவில், வேலூரில் கேட்பது போலவே “டவுட் இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர்களுக்கு அந்தச் சொல் அவநம்பிக்கை என்றுதான் அர்த்தமாகும் போலிருக்கிறது. தாடி வைத்த ஒரு மாணவர் எழுந்து, “இல்லை, உங்களை நாங்கள் நம்புகிறோம்” என்று தைரியம் சொன்னார். வீட்டில் சொன்னபோது நிவி ஒரு வாரம் சிரித்தாள். அதற்குப் பிறகு என் ஆங்கிலத்தைத் திருத்தும் உரிமையை அவளே எடுத்துக்கொண்டாள். நான் தமிழில் பேசினால் புரிந்துகொள்கிறாள், பதில் மட்டும் பாதியில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. நான் கண்டிப்பதில்லை. பதில் வருகிற வரைக்கும் நல்லது என்று இருக்கிறேன்.

5

கௌஸ் பாயிடம் போய்ச் சொன்னேன். தேதியை மாற்ற முடியாது என்று எனக்கே தெரியும். அடுத்த வெள்ளி ஏப்ரலில் விழுந்துவிடும்.

“அன்னிக்கு உங்களுக்கு இன்னா சார், பெருநாளா?”

“பெருநாள் இல்ல பாய். துக்க நாள்.”

“வேல செய்யக் கூடாதா?”

“செய்யலாம். ஆனா கோயில்ல நான் பேசணும். மாமா ஏற்பாடு பண்ணிட்டார். போகலேன்னா வீட்ல பெரிய பேஜாராயிடும்.”

“எத்தினி மணிக்கு?”

“பன்னெண்டுலேருந்து மூணு.”

கௌஸ் பாய் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பருமனான உடம்பு முழுதும் குலுங்கும்படி சிரிப்பார்.

“இன்னா சார் நீங்க. அந்த நேரத்துல இங்க யாரு இருக்கப் போறா? எங்களுக்கு ஜும்மா. மெஷினு மட்டுந்தான் இருக்கும். காலைல எண்ணி ஏத்திடுவோம். பன்னெண்டுக்கு மெஷின ஓட விட்டுட்டு நீங்க உங்க கோயிலுக்குப் போங்க, நாங்க எங்க பள்ளிவாசலுக்குப் போறோம். முதலாளி கார் சும்மாதான் நிக்கும். நானே வண்டி ஓட்டறேன். வேலூர்லயும் ஜும்மா உண்டு இல்ல?”

இரண்டு மாதமாகப் பார்க்காமல் விட்ட சிக்கல் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. ஆனால் மாமாவிடம் இதைச் சொல்லத் துணியவில்லை. நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று மட்டும் சொன்னேன்.

6

அன்று காலை ஐந்தரைக்கெல்லாம் டேனரியில் இருந்தேன். தொழிலாளர்கள் எட்டுப் பேர் விடுமுறையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் கட்டு எண்ணையும் தோல் எண்ணிக்கையையும் கத்திச் சொல்ல, நான் எழுதி அதை மறுபடி கத்திப் படிக்க, மெஹ்ராஜ் கணினியில் ஏற்றினாள். மெஹ்ராஜ் என்னிடம் படித்த பெண். பி.காம். முடித்துவிட்டு அந்த டேனரி அலுவலகத்திலேயே வேலைக்கு இருந்தாள். பெரிய வெள்ளி உபவாசம் என்பதால் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போயிற்று.

மதியம் வேலையை ஓட விட்டோம். ஏற்றிய தகவல்களைக் கணினி ஒன்றோடொன்று பொருத்தி, கையிருப்புக் கணக்கை உண்டாக்க வேண்டும். அந்தக் காலத்து இயந்திரத்துக்கு அது சில மணி நேர வேலை. ஆண்கள் எல்லோரும் ஜும்மாவுக்குக் கிளம்பினார்கள். மெஹ்ராஜும் வாட்ச்மேனின் மனைவியும் மட்டும் அலுவலகத்தில் இருந்தார்கள்.

சட்டை மாற்றிக்கொண்டுதான் காரில் ஏறினேன். ஆனால் டேனரி வாசனை சட்டையில் மட்டும் இருப்பதில்லை. முடியில், நகத்தில், காதுமடலில் எல்லாம் இருக்கும். கோயிலில் நான் உட்கார்ந்த வரிசையில் இருந்தவர்கள் மெதுவாக நகர்ந்து அடுத்த முனைக்குப் போய்விட்டார்கள். முன் வரிசையில் இருந்து மாமா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். எஸ்தர் முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். பல புத்தகங்களைப் புரட்டி, அந்தக் காலத்து யூதேயாவின் கிணறுகளைப் பற்றியெல்லாம் சேர்த்திருந்தேன். மேடையில் ஏறி முதல் பக்கத்தைப் படிப்பதற்குள் குரல் கம்மிவிட்டது. தாகத்தைப் பற்றிப் பேச வந்தவனுக்கு உண்மையிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. தாளை மடித்துவிட்டு, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத ஒருவனுக்கு என்ன தோன்றுமோ அதை மட்டும் நாலு வார்த்தை சொல்லி இறங்கினேன். அன்று பேசிய ஏழு பேரில் நான்தான் சுருக்கம் என்பதால் பலருக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்று மணிக்கு வெளியே வந்தேன். கௌஸ் பாய் தொழுகையை முடித்துக்கொண்டு, தலையில் தொப்பியோடு, கோயில் வாசல் வேப்பமர நிழலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நான் ஏறப்போன நேரத்தில் மாமா பின்னால் வந்தார்.

“எங்க போறே?”

“மேல்விஷாரம், மாமா. வேலை ஓடிக்கிட்டிருக்கு.”

“பெரிய வெள்ளிக்கிழமை அன்னிக்கா?”

மாமா என்னையும் காரையும் கௌஸ் பாயையும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தார்.

“அப்பா, நீங்க எங்க? வீட்ல கஞ்சி இருக்கு” என்றாள் எஸ்தர்.

“அது இன்னா வேலன்னு நானும் ஒரு தடவ பாத்துட்டு வர்றேன்” என்றார் மாமா.

7

டேனரி அலுவலகம் இருட்டாக இருந்தது. மெஹ்ராஜ் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“சார், ஒண்ணேகாலுக்கு கரன்ட் போய்டுச்சு. பேட்டரி கத்த ஆரம்பிச்சிச்சு. நீங்க கிளாஸ்ல சொன்ன மாதிரி நிறுத்தி, ஒழுங்கா மூடிட்டேன். பாதிதான் ஆயிருந்திச்சு.”

“நல்ல வேல செஞ்சேம்மா. நடுவுல அணைஞ்சிருந்தா காலைல ஏத்தினதும் போயிருக்கும்.”

இருட்டுவதற்குள் கரன்ட் வந்து, வேலை முடிந்து, கணக்கு ஒத்துப்போக வேண்டும். மறுநாள் காலை டிரம்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். பிறகு எண்ணியது எதற்கும் உதவாது. ஏப்ரலும் வந்துவிடும், கல்லூரியும் கூப்பிட்டுவிடும்.

மாமா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எவ்ளோ போச்சு?”

“ஏத்தினது இருக்கு மாமா. கணக்குப் போட்டுக்கிட்டிருந்தது போச்சு. மறுபடி மொதல்லேருந்து ஓட்டணும்.”

“இப்டி ஆச்சுன்னு யாருக்கு எழுதிக் குடுக்கணும்?”

“யாருக்கும் இல்ல.”

“உனக்கு மேல யாரு?”

“யாருமில்ல மாமா.”

“தப்பாப் போனா?”

“நான்தான்.”

மாமா வாழ்நாள் முழுக்க எந்தத் தாளையும் மேலே ஒருவருக்கு அனுப்பி, கீழே ஒரு நகலை வைத்துக்கொண்டவர்.

“சரி, நல்லாப் போனா?”

கௌஸ் பாய் குறுக்கிட்டார். “நல்லாப் போனாலும் சார்தான் பெரியவரே. ஆனா அத நாங்க மறந்துடுவோம்.”

மாமா முதல்முறையாகச் சிரித்தார்.

மூடி வைத்திருந்த பெரிய பாத்திரம் ஒன்றைக் காட்டி, “மொதல்ல சாப்டுங்க. வீட்லேருந்து பிரியாணி வந்திருக்கு. எனக்கும் இன்னும் சாப்பாடு ஆவல” என்றார் கௌஸ் பாய்.

“இன்னிக்கு எங்களுக்கு உபவாசம்” என்றார் மாமா. “கறியும் நாப்பது நாளா தொடறதில்ல.”

கௌஸ் பாய் பதறிப்போனார். “நோன்பா? தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க.” உடனே பாத்திரத்தை வெளியே எடுத்துப் போகச் சொன்னார். நோன்பு பிடித்திருப்பவர் முன்னால் தானும் சாப்பிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். தொலைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். ரம்ஜான் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் நோன்புக் கஞ்சி வைக்க வேண்டும், கறி போடாமல் வைக்க வேண்டும், பொழுது சாயும்போது இங்கே வந்துவிட வேண்டும் என்றார். எதிர்முனையில் அவருடைய மனைவி எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். “ஜேக்கப் சாரோட மாமனார் நோன்பு வெச்சிருக்கார்” என்றார்.

எங்கள் உபவாசம் மூன்று மணி ஆராதனையோடு முடிந்துவிட்டது. வீட்டில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இவ்வளவு மரியாதைக்குப் பிறகு, எங்களுடையது மூன்று மணி வரைக்கும்தான் என்று எப்படிச் சொல்வது? இரண்டு கிறிஸ்தவர்களும் ஒரு முஸ்லிமும் கொலைப்பசியோடு உட்கார்ந்து, மார்ச் மாத வெயில் இறங்குவதற்காகக் காத்திருந்தோம்.

நாலரைக்குக் கரன்ட் வந்தது. மறுபடி ஓட விட்டோம். மாமா ஸ்டூலை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் கட்டு எண்கள் ஒவ்வொன்றாக மேலேறிப் போவதைப் பார்த்தார். அது என்ன, இது என்ன என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, “மெதுவா சொல்லு, நான் நர்சு இல்ல” என்றார். விளக்கு ஒருமுறை மங்கியபோது கௌஸ் பாய் அல்லாவைக் கூப்பிட்டார், மாமா ஆண்டவரைக் கூப்பிட்டார், மெஹ்ராஜ் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள்.

வேலை முடிந்து பிரிண்டர் கிறீச்சிட்டது. கௌஸ் பாய் பழைய கணக்கிலிருந்து படித்தார். மாமா அச்சான தாளைக் கையில் எடுத்து, நான் கேட்காமலே, ஒவ்வொரு எண்ணுக்கும் “சரி”, “சரி” என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிச் சரிக்கும் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்பதற்கும் இடையே அதிக நேரம் இல்லை.

தூக்குவாளியில் கஞ்சி வந்திருந்தது. கௌஸ் பாய் ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டினார்.

“பெரியவரே, நீங்க மொதல்ல.”

மாமா கண்ணை மூடித் தம் வழக்கப்படி ஜெபித்துவிட்டு வாங்கிக்கொண்டார். மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தார். திரும்பும்போது காரில் தூங்கிவிட்டார்.

8

அந்த ஏப்ரலிலிருந்து டேனரி நான் கணினியில் ஏற்றிய கணக்கில் ஓடியது. ஜூனுக்குள் இன்னும் இரண்டு டேனரிகள் கூப்பிட்டன. மேல்விஷாரத்தில் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு தொடங்கி, அதை மெஹ்ராஜிடமே விட்டேன். கல்லூரியிலிருந்து அழைப்பு வரவில்லை. வேறு யாரையாவது எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. 2004இல் அவர் இறந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். கௌஸ் பாய் மண் போட வந்திருந்தார்.

இந்த வருடப் பெரிய வெள்ளியன்று பதினான்காம் மாடியில் எதுவும் தவறாகப் போகவில்லை. கரன்ட் போகவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. வேலை முடிந்ததும் கிரெய்க்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். கடற்கரையில் இருந்தார் போல, கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் புகைப்படம் ஒன்று வந்தது. வீட்டுக்கு வந்தபோது, கடையில் மிஞ்சிய மீன் வறுவலைக் காகிதத்தில் சுற்றி நிவி கொண்டு வந்திருந்தாள். எஸ்தரும் வந்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தோம். நிவியிடமிருந்து எண்ணெய் வாசனை அடித்தது. என்னை அன்று கோயிலில் சகித்துக்கொண்டவர்களை நினைத்தேன், அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன்.

“தாத்தா மூணு மணி நேரம் சும்மாவே பசியோட இருந்தாரா?” என்று கேட்டாள் நிவி. தமிழிலேயே கேட்டாள்.

“சும்மா இல்ல. மரியாதைக்கு. நல்ல வேளை, அப்புறம் காலேஜ்லேருந்து கூப்பிடவே இல்ல.”

எஸ்தர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

“கூப்பிட்டாங்க.”

“யார?”

“அப்பாவ. ஈஸ்டர் முடிஞ்ச வாரமே. உங்களுக்கு எடம் போட்டு வெச்சிருக்கோம், அனுப்பி வைங்கன்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். சொன்னா தலைக்கனம் ஏறிடுமாம். அவர் போய் நாலு வருஷம் ஆச்சு, இனிமே சொன்னா தப்பில்ல.”

நான் கையில் இருந்ததை வைத்துவிட்டேன்.

“இன்னா சொன்னார் அவங்ககிட்ட?”

எஸ்தர் அவள் அப்பாவைப் போலவே கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

“‘எங்க மாப்ளைக்கு எங்கங்க நேரம்? பெரிய வெள்ளிக்கிழமை அன்னிக்கே கோயில் வாசல்ல கார் வந்து நிக்குது அவருக்கு.’”